‘குத்துது’, ‘கடுக்குது’, ‘மரத்துப்போச்சு’: செம்பவாங்கில் தங்கி இயன்முறை மருத்துவம் படிக்கத் தொடங்குவோருக்கு

முதுகைப் பிடித்துக்கொண்டு வரும் தமிழ் மூதாட்டி ஒருவர் வெறுமனே ‘வலிக்குது’ என்று சொல்லி நிறுத்துவது அரிது. குத்துது, கடுக்குது, குடையுது, இழுக்குது, எரியுது, சுள்ளுன்னு இருக்கு, மரத்துப்போச்சு என்று அடுக்குவார். கேட்பவர் வீட்டுப் பிள்ளை என்றால் தைலப் புட்டியை எடுத்து வருவார். இயன்முறை மருத்துவ மாணவர் என்றால் வேறு வேலை இருக்கிறது. அவற்றுள் எந்தச் சொல் தசையைக் காட்டுகிறது, எது நரம்பைக் காட்டுகிறது, எதைக் கேட்டவுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பவேண்டும் என்று அவர் பிரித்தறிய வேண்டும்.

எலும்பையும் தசையையும் எந்த ஊர்ப் புத்தகத்திலும் படித்துவிடலாம். அந்த எலும்புக்கும் தசைக்கும் உரியவர் என்ன மொழி பேசுகிறார், எத்தனை படி ஏறி வீட்டுக்குப் போகிறார், எதற்காக மீண்டும் நடக்க விரும்புகிறார் என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. புதிதாக ஒரு நகரத்துக்கு வந்து இந்தப் படிப்பைத் தொடங்கும் இளையர்கள் முதல் ஆண்டில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஜோகூர் தோட்டப்புறத்திலிருந்து வந்தாலும், தமிழக ஊர் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு குடிபெயர்ந்தாலும், செம்பவாங்கில் அத்தை வீட்டு அறை ஒன்றில் பெட்டியை இறக்கி வைத்ததும் நகரமும் ஒரு பாடமாகிவிடுகிறது.

தேவையோ பெரிது. 2030ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. பக்கவாதத்திற்குப் பின் கை தூக்கப் பழகுவோர், மூட்டு மாற்று அறுவை முடிந்து எழுந்து நிற்போர், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் என இவர்கள் எல்லாரையும் நடக்க வைக்கும் பொறுப்பு இந்தத் துறைக்கு வருகிறது.

சிங்கப்பூரில் இந்தக் கல்வி நெடுங்காலம் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப் படிப்பாக இருந்தது. 2016 முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் அதை நான்காண்டு ஹானர்ஸ் பட்டப்படிப்பாக நடத்துகிறது. அக்கழகம் 2024ல் பொங்கோலில் புதிய வளாகத்துக்கு மாறியது. உடற்கூறு, உடலியங்கியல், அசைவின் இயல் எனத் தொடங்கும் படிப்பு, பின்னர் மருத்துவமனைகளிலும் சமூக மருத்துவமனைகளிலும் பல வாரப் பயிற்சியாக விரிகிறது.

தமிழில் ‘இயன்முறை மருத்துவம்’ என்று சொல்வதால், படித்து முடித்தால் டாக்டர் ஆகிவிடலாம் என்று சில பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மருந்து எழுதித் தருவது இவர்கள் வேலையன்று. அசைவு, பயிற்சி, கைச்சிகிச்சை, மூச்சுப் பயிற்சி, மீண்டும் விழாமல் காப்பது ஆகியவையே இவர்கள் களம். சேர்வதற்கு முன்பே இதை வீட்டில் பேசித் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

எங்கே படித்தால் எங்கே வேலை

பெட்டி கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டியது இது. பலர் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இயன்முறை சிகிச்சையாளர் என்பது யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளும் பெயர் அல்ல. 2011ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைச் சுகாதார நிபுணர்கள் சட்டம், இத்துறையினர் அதற்குரிய மன்றத்தில் பதிந்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. முதலில் அதன்கீழ் வந்த மூன்று தொழில்களில் இதுவும் ஒன்று. செயல்முறைச் சிகிச்சையும் பேச்சுச் சிகிச்சையும் மற்ற இரண்டு. பதிவிலும் முழுப்பதிவு, நிபந்தனைப் பதிவு, கட்டுப்பாட்டுப் பதிவு, தற்காலிகப் பதிவு என வகைகள் உண்டு. வெளிநாட்டில் படித்து வருபவர் முதலில் ஒரு வேலையைப் பெற்று, மூத்தவரின் மேற்பார்வையின்கீழ் நிபந்தனைப் பதிவில்தான் பணியாற்றத் தொடங்குவார்.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதார நிபுணர்கள் சட்டம் 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அங்கும் பதிவு வேண்டும். இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டுக் கிடந்த இந்தத் துறைக்கென 2021ல் தேசிய அளவிலான ஆணையச் சட்டம் வந்தது. நான்காண்டுப் படிப்பும் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்த நாலரை ஆண்டு என்பதே அங்கு நெடுநாள் வழக்கம். இலங்கையில் பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்கள் பட்டம் தருகின்றன, பதிவு இலங்கை மருத்துவ மன்றத்தில்.

ஆக, ஓரிடத்தில் வாங்கிய பட்டம் மற்றோரிடத்தில் தானாகக் கதவைத் திறப்பதில்லை. கட்டணம் குறைவு என்று ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, பின்னர் வேறு நாட்டில் வேலை தேடும்போது ஓரிரு ஆண்டு கூடுதலாகச் செலவாகிறது. அந்த ஆண்டுகளின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது. சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத மாணவர் கல்வி அமைச்சின் கட்டண மானியத்தைப் பெற்றால், படித்து முடித்தபின் மூன்றாண்டு இங்கு வேலை செய்ய ஒப்பந்தமிட வேண்டும் என்பது பொதுவிதி. மானியத்தை வாங்கும் அவசரத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் குடும்பங்கள் உண்டு. எந்தப் பாடத்துக்கு யாரை எடுக்கிறார்கள் என்ற விதியும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய ஒன்று. அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போய்விட வேண்டும்.

அறையும் ரயிலும்

வரைபடத்தில் செம்பவாங்கும் பொங்கோலும் பக்கத்து வீடு போலத் தெரியும். நடுவில் கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கமும் சிலேத்தார் விமான நிலையமும் குறுக்கே கிடப்பதால் ரயில் நேராகப் போகாது. வடக்கு தெற்குப் பாதையில் பீஷான் வரை இறங்கி, வட்டப் பாதையில் சிராங்கூனுக்கு மாறி, அங்கிருந்து வடகிழக்குப் பாதையில் மீண்டும் மேலேறி, 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட பொங்கோல் கோஸ்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். யீஷூன், சிலேத்தார் பக்கமாகப் போகும் பேருந்தையும் பழகிக்கொள்ளலாம். காலை எட்டரை வகுப்பு என்றால் முதல் வாரத்திலேயே இரண்டு வழியையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அதே வடகிழக்குப் பாதையில் மாறாமல் உட்கார்ந்திருந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் இட்லி தேடும் பிள்ளைகளுக்கு இது சிறு ஆறுதல்.

பயிற்சிக் காலத்தில்தான் செம்பவாங்கின் அருமை தெரியும். யீஷூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையும் யீஷூன் சமூக மருத்துவமனையும், உட்லண்ட்ஸில் உட்லண்ட்ஸ் சுகாதார வளாகமும் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் பயிற்சி அங்கேதான் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அவுட்ரமிலோ நொவீனாவிலோ சாங்கியிலோ ஜூரோங்கிலோ இடம் விழலாம். நோயாளிகளைக் காலையிலேயே எழுப்பி உட்கார வைக்கும் வேலை என்பதால் மாணவரும் விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருக்கும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க: வீவக வீட்டில் அறையைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். உரிமையாளர் கழகத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். ‘ஒரு மாசம் இருந்து பாருங்க, பேப்பர் எல்லாம் வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அந்த அறை வேண்டாம். உறவினர் வீடு என்றால் இந்தச் சிக்கல் இல்லை. வேறு சிக்கல் இருக்கலாம். எலும்புகளின் பெயரை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்ய ஒரு மூலை வேண்டும். அத்தையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தொட்டுப் படிக்கும் பாடம்

முதல் பருவத்தில் தமிழ்ப் பிள்ளைகளைத் திடுக்கிட வைப்பது உடற்கூற்றுப் பாடத்தின் கனம் மட்டுமன்று. வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது, அது சுருங்கினால் என்ன அசைகிறது என நான்கு செய்திகள். மனப்பாடத்துக்குப் பழகிய நம் பிள்ளைகள் அதை எப்படியோ கடந்துவிடுவார்கள். செய்முறை வகுப்புதான் புதிது. அங்கே மாணவர்கள் ஒருவர் உடலை ஒருவர் தொட்டுப் பழக வேண்டும். தோள்பட்டை எலும்பின் விளிம்பை விரலால் தேட, முதுகெலும்பின் கணுக்களை எண்ண, முழங்கால் சில்லை அசைத்துப் பார்க்க, கையில்லாச் சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிந்து கட்டிலில் படுக்க வேண்டியிருக்கும்.

கூச்சம் வரும். வீட்டில் சொன்னால் பாட்டிக்கு மயக்கமே வரும். ஆனால் இந்தக் கூச்சம்தான் பாடத்தின் முதல் பகுதி. தன் முதுகை இன்னொருவர் தொடும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் நாளை ஒரு மூதாட்டியின் முதுகைத் தொடும் முன் எப்படிக் கேட்பது என்று தெரியும். என்ன செய்யப் போகிறோம், ஏன், எங்கே தொடுவோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, தேவையான இடத்தை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடுவது முறை. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். சமயக் காரணத்தாலோ வேறு காரணத்தாலோ ஒரே பாலினத் துணையோடு பழக விரும்புவோர் முதல் வகுப்புக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் மறுத்து நிற்பதைவிட அது எளிது.

தசையின் வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதும் இந்தக் காலத்தில்தான் பழக்கமாகும். சுருக்கமே இல்லை என்றால் 0. தசை இலேசாகத் துடித்தால் 1. மேசைமேல் நகர்த்துவதுபோல எடை தாங்காமல் அசைக்க முடிந்தால் 2. கையின் சொந்த எடையை எதிர்த்துத் தூக்கினால் 3. சிகிச்சையாளர் கொடுக்கும் சிறு அழுத்தத்தையும் தாங்கித் தூக்கினால் 4. முழுவலிமை 5. பக்கவாதம் வந்த ஒருவருக்கு 2இலிருந்து 3க்குப் போவது காகிதத்தில் ஒரு எண்தான். வீட்டில் அது மடியில் கிடந்த கை வாய்வரை வருவது.

வலிக்கு எத்தனை சொல்

இங்கேதான் தமிழ் தெரிந்த மாணவருக்கு ஒரு சொத்து இருக்கிறது. அதை அவர் சொத்தாக எண்ணுவதில்லை என்பது வேறு கதை.

ஆங்கிலத்தில் கைக்கும் காலுக்கும் மேல்பகுதிக்கு ஒரு சொல், நுனிப்பகுதிக்கு ஒரு சொல். தமிழில் தோளிலிருந்து விரல்வரை கை, தொடையிலிருந்து பாதம்வரை கால். ‘கால் வலி’ என்றால் தொடையா, முட்டியா, கெண்டைக்காலா, குதிகாலா என்று கேட்டாக வேண்டும். இடுப்பு இன்னும் சிக்கல். இடுப்பு வலி என்று சொல்பவர் அடிமுதுகைக் காட்டலாம், தொடை சேரும் மூட்டைக் காட்டலாம், பக்கவாட்டைக் காட்டலாம். குறுக்கு என்பார் சிலர். யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பத்து மூத்தவர் ‘நாரிப்பிடிப்பு’ என்பார், நாரி என்றால் அவருக்கு அடிமுதுகு. தமிழகத்துப் பிள்ளை இதைக் கேட்டு விழிப்பதுண்டு. ‘ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க’ என்று கேட்பதே பாதுகாப்பான வழி.

வலியின் தன்மைக்கு வருவோம். நாள் முழுதும் நின்ற கால் கடுக்கும். ஆழமாக, எலும்புக்குள் இருப்பதுபோல் தோன்றும் வலி குடையும். சுள்ளென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இடுப்பிலிருந்து கால்வரை ஓடினால், எரிந்தால், எறும்பு ஊர்ந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். ‘இழுக்குது’ என்பதுதான் ஆபத்தான சொல், ஏனெனில் அது எங்கும் போகும். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டாலும் இழுக்கும். மூச்சு வாங்கினால் இழுப்பு. வலிப்பு வந்தாலும் ‘இழுத்துக்கிச்சு’, பக்கவாதம் வந்தாலும் ‘கை கால் இழுத்துக்கிச்சு’. இதைப் பொத்தாம்பொதுவாக ஒரே ஆங்கிலச் சொல்லாகக் குறிப்பேட்டில் எழுதினால், அடுத்து வரும் மருத்துவர் தவறான இடத்தில் தேடுவார்.

‘மரத்துப்போச்சு’ என்பதும் அப்படித்தான். இரண்டு பாதமும் மாதக்கணக்கில் மரத்திருந்தால் நீரிழிவைக் கேட்க வேண்டும். முகம் ஒருபக்கம் கோணி, பேச்சுக் குழறி, ஒருபக்கக் கையோ காலோ திடீரென மரத்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 995. முதுகுவலிக்காரர் தொடைகளின் உட்புறமும் உட்காரும் இடமும் மரத்துவிட்டது, சிறுநீர் போவது தெரியவில்லை என்றால், முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. இந்தக் கடைசிச் செய்தியை எந்தத் தமிழ் மூதாட்டியும் தானாகச் சொல்லமாட்டார். வெட்கப்படுவார். கேட்பதற்குத் தமிழில் நாகரிகமான சொல் கையில் இல்லாத மாணவர் கேட்காமலே விட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வி விடுபட்டதால் ஒருவர் நிரந்தரமாக நடை இழக்கலாம்.

மகனோ மகளோ பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். அம்மா மூன்று நிமிடம் சொல்வார், மகன் ‘பெயின், அவ்வளவுதான்’ என்பார். ‘வலிக்குதா?’ என்று கேட்டால் நம் மூத்தவர்கள் ‘பரவாயில்லப்பா’ என்பார்கள். ‘காலையில எழுந்ததும் எப்படி இருக்கு? மாடி ஏறும்போது? ராத்திரி புரளும்போது?’ என்று பிரித்துக் கேட்டால்தான் வரும். விளிப்பதும் கவனிக்க வேண்டியது. தாத்தா, பாட்டி, ஐயா, அம்மா எல்லாம் இருக்க, எழுபது வயதுக்காரரைப் பட்டியலில் உள்ளபடி வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் பயிற்சி செய்ய மறுப்பார். காரணத்தையும் சொல்லமாட்டார்.

நோயாளிகள் எல்லாரும் தமிழர் அல்லர். செம்பவாங் பக்கத்து மலாய் மூத்தவர் ‘கெபாஸ்’ என்றால் மரத்துவிட்டது. ‘லெங்கோ’ என்றால் அசதியோடு கூடிய கடுப்பு. ‘செமுட்-செமுட்’ என்றால் எறும்பு எறும்பாக ஊர்கிறது, தமிழில் சொல்வது போலவே. மாண்டரின் பேசுபவர் ‘சுவான்’ என்பார். புளிப்புக்கும் தசைக் கடுப்புக்கும் அவர்களுக்கு ஒரே சொல். ‘மா’ என்றால் மரப்பு. இந்த இடத்தில் ஜோகூர்ப் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு படி கிடைத்திருக்கிறது. அங்காட், துருன், டுடோக், பாங்குன், பெலான்-பெலான்: தூக்கு, இறக்கு, உட்கார், எழு, மெதுவாக. தோட்டத்தில் பக்கத்து வீட்டில் கேட்டு வளர்ந்த இந்த ஐந்து சொல்லே ஒரு பயிற்சி நேரத்துக்குப் போதும். பாச்சிக், மாச்சிக் என்று கூப்பிடவும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உள்ள கதையன்று. மலையகத் தோட்டத்திலிருந்து பேராதனைக்குப் போகும் பிள்ளைக்குச் சிங்களம் பேசும் நோயாளி வருவார். வேலூர் சிஎம்சியில் படிக்கும் பிள்ளை வங்காளமும் இந்தியும் கேட்டுப் பழக வேண்டும், கிழக்கிந்தியாவிலிருந்து அவ்வளவு பேர் அங்கே வருகிறார்கள். அந்த மருத்துவமனைக்கு இத்துறையில் பெரிய பெயர் உண்டு. 1954ல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின் நியூயார்க்கில் பயின்று திரும்பி, 1960களில் அங்கு மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பினார்.

படி, வாசல், பச்சை விளக்கு

செம்பவாங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், பின்னர் பிரிட்டிஷ் கடற்படைத் தளம். 1938ல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருவாரியாக உழைத்தார்கள். 1968ல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் வசமானது. மால்டா, ஜிப்ரால்டர் என்று இன்னும் தெருப்பெயர்கள் நிற்கின்றன. பட்டறையில் தூக்கியும் குனிந்தும் வேலை செய்த தலைமுறையின் முட்டியும் முதுகும் இன்று மருத்துவமனைக்கு வருகின்றன. கடற்பாலத்துக்கு அப்பால் பால்மரம் சீவி, காண்டாக் கம்பில் வாளி சுமந்த தோள்களும் அப்படித்தான். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கும் மாணவருக்கு உடல் பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

வீட்டைக் கேட்பதும் அவ்வளவு முக்கியம். மின்தூக்கி உங்கள் மாடியில் நிற்குமா? பழைய வீவக புளோக்குகளில் சில மாடிகளில் மட்டுமே நின்ற மின்தூக்கிகளை எல்லா மாடியிலும் நிறுத்துவதற்கென்றே 2001ல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. குளியலறை வாசலில் மேடு இருக்கிறதா? கைப்பிடிக் கம்பி போட்டாயிற்றா? மூத்தோர் வீடுகளுக்கு மானிய விலையில் கைப்பிடியும் வழுக்காத் தரையும் சரிவுப்பாதையும் அமைத்துத் தரும் ‘ஈஸ்’ திட்டம் 2012லிருந்து இருக்கிறது. அதைச் சொல்லும் மாணவர் பத்து நாள் பயிற்சிக்குச் சமமான உதவியைச் செய்கிறார்.

நடையை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. மற்றொன்று, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. ஒருவர் 300 மீட்டர் நடந்தால் விநாடிக்கு 0.8 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறார். 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருக்குப் பதினைந்து விநாடி தேவை. பச்சை மனிதன் அதற்குள் மறைந்துவிட்டால்? மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைச் சாலைக் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி கூடுதலாக எரியும் வசதி 2009 முதல் சிங்கப்பூரில் உண்டு. அட்டை வைத்திருந்தும் தட்டத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுப்பதும் இயன்முறை மருத்துவம்தான்.

இலக்கை நோயாளியிடமே கேட்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். தமிழ் மூத்தவர்கள் சொல்லும் இலக்கு பாடநூலில் இராது. கோயிலில் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். பேத்தி கல்யாணத்தில் விழுந்து கும்பிடுபவர்களைத் தூக்கிவிட வேண்டும். தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில்வரை பால்குடத்தோடு நடக்க வேண்டும், அது மூன்று கிலோமீட்டருக்கு மேல். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் தரையில் உட்காரலாமா என்பது அறுவை செய்தவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டிய பதில். வேண்டாம் என்றால், உயரமான பீடத்தில் அமர்ந்து பூசை செய்ய வழி காட்டலாம். அந்தக் கேள்வி ஏன் அவருக்கு அத்தனை முக்கியம் என்று புரிந்துகொள்ள, சம்மணமிட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தனியாக விளக்கம் வேண்டாம்.

வெந்நீர் ஊற்று

செம்பவாங்கில் தங்கும் மாணவர் ஒரு மாலையாவது கேம்பஸ் அவென்யூவை ஒட்டிய வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1909ல் அறியப்பட்ட ஊற்று அது. ஒரு காலத்தில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. 2020ல் பூங்காவாகப் புதுப்பித்துத் திறந்தார்கள். ஊற்றில் சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூடாக வரும் நீர், படிப்படியான தொட்டிகளில் இறங்கி 40 டிகிரி அளவுக்கு ஆறுகிறது. அங்கே முட்டை வேகவைப்பவர்களோடு, கால்வலி தீரும் என்று பாதத்தை நனைத்து உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களையும் பார்க்கலாம்.

வெந்நீர் ஒத்தடம் இந்தத் துறையின் பழைய கருவிகளுள் ஒன்று. சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டும், இறுகிய தசையைத் தளர்த்தும், மூட்டு விறைப்பைச் சற்றுக் குறைக்கும். தேய்ந்த மூட்டை அது திரும்ப வளர்ப்பதில்லை. தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் பயிற்சி செய்தால்தான் பயன் நிற்கும். வெந்நீரில் உட்கார்ந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுப்பவருக்கு மறுநாள் காலை பழைய வலிதான்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்வு நரம்புகளைக் கெடுத்துவிடும். 40 டிகிரி என்று எண்ணி, மேல்தொட்டியில் காலை விட்டவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து, புண்ணாகி, ஆறாமல் போன பின்புதான் கவனிப்பார். இதற்காகவே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவருக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். அந்த இழையை மாணவர்கள் முதன்முதலில் தங்கள் பாதத்திலேயே வைத்துப் பழகுவார்கள். சோதனை செய்யாத நீரிழிவு நோயாளி வெந்நீரில் கால் வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் உணர்வுள்ள வேறொருவர் முழங்கையை விட்டுச் சூடு பார்க்கட்டும்.